மெனோபாஸ் காலத்தில் நாட்டு மருந்து: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

உடம்பு காந்துகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் வந்து விழுவது ஒரு பொடியின் பெயர். தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் போட்டுக் குடி, வெந்தயத்தை ஊறவை, அமுக்கரா சாப்பிடு. சொல்கிறவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பொடிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொடியில் தொடங்குகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, "எதுவும் கேட்கல" என்று சோர்ந்துபோகிறார்கள்.

எனக்கு 48 வயதில் மாதவிடாய் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதையும், என் அக்கா, மதினி, பாளையங்கோட்டையில் என்னோடு காலையில் நடக்க வரும் பெண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இந்த வழியில் தடுக்கி விழுந்த இடங்களையும் வைத்து இந்த வரிசையை எழுதுகிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. செல்போனில் குறித்தாலும் சரிதான், ஆனால் மருத்துவர் முன்னால் சட்டென்று புரட்டிக் காட்ட நோட்டுதான் வசதி.

அடுத்தது, நீங்கள் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று எழுதினால் பயன் இல்லை. அட்டையைத் திருப்பி, பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, யாரோ கொடுத்த லேகியம் என எல்லாம் இதில் சேர வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக் கதை. அம்மாவுக்கும் அக்காமாருக்கும் எந்த வயதில் மாதவிடாய் நின்றது? யாருக்காவது மார்பகத்திலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்ததா? காலில் ரத்தம் உறைந்ததா? லேசாக விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிந்ததா? எந்த மூலிகையை நீங்கள் தொடவே கூடாது, எந்தப் பரிசோதனை உங்களுக்கு அவசரம் என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும். அம்மாவிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், அம்மா அரை மணி நேரம் பேசினார்.

2. இது மெனோபாஸ்தானா என்று உறுதி செய்வது

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயது வாக்கில் நிற்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஏற்ற இறக்கமான காலம். இரண்டு மாதம் வராது, அப்புறம் 20 நாளில் வரும். காந்தலும் எரிச்சலும் பலருக்கு இந்தக் காலத்திலேயே தொடங்கிவிடும். 40 வயதுக்கு முன்பே நின்றால் அது இயல்பு இல்லை, கட்டாயம் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் முன்கூட்டியே பாதுகாப்பை இழக்கின்றன என்பதுதான் காரணம்.

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு எண்ணுவதற்கு மாதவிடாய் கிடையாது. முட்டை உருவாகும் சூலகம் இருக்கிறதா, அதையும் எடுத்துவிட்டார்களா என்று பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் பாருங்கள். சூலகம் இரண்டையும் எடுத்திருந்தால் அன்றைக்கே மெனோபாஸ் தொடங்கிவிட்டது என்று கணக்கு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, 45 தாண்டிய பெண்ணுக்கு வரும் எல்லாத் தொந்தரவையும் மெனோபாஸ் கணக்கில் எழுதுவது. தைராய்டு கூடினாலும் வேர்க்கும், படபடக்கும், தூக்கம் போகும். ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கும்போது குப்பென்று வேர்க்கும். ராத்திரி வேர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இவை ஒன்றுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு மருந்தாகாது.

அதனால் பொடி வாங்கும் முன் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், ஈரல் செயல்பாடு. ஈரல் சோதனை எதற்கு என்றால், பின்னால் மூலிகை எடுக்கும்போது ஈரலுக்கு ஏதாவது ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்து நாளாகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இவற்றை இலவசமாகச் செய்கிறார்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனை 45 தாண்டியவர்களுக்கு வழக்கமாகத் தேவையில்லை. இந்தக் காலத்தில் அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு நாள் எடுத்த அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதால் கரு தரிக்காது என்று நினைக்க வேண்டாம். 50-க்குக் கீழே இருந்தால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 ஆண்டும், 50 தாண்டியிருந்தால் 1 ஆண்டும் கருத்தடை தேவை. சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் எந்தக் கஷாயத்தையும் வாயில் வைக்க வேண்டும்.

3. இவை இருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது

12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வெறும் பழுப்புக் கறையாக இருந்தாலும், அதே வாரம் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் வறட்சியால் வந்த சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் முதல் வழியும் இதுதான். ஸ்கேனில் உள்வரியின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

என்னோடு நடக்க வரும் ஓர் அக்காவுக்கு 14 மாதம் கழித்துக் கறை பட்டது. அசோகப்பட்டை கஷாயம் ரத்தப்போக்கை நிறுத்தும் என்று யாரோ சொல்ல, மூன்று வாரம் குடித்தார். கறை நின்றது. நல்ல மருந்து என்று எங்களுக்கெல்லாம் சொன்னார். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது, இந்த முறை கட்டியாக. பரிசோதனையில் புற்றுநோயின் தொடக்க நிலை என்று வந்து, அறுவைச் சிகிச்சை செய்து, இப்போது நன்றாக இருக்கிறார். அந்தக் கறை கஷாயத்தால் நிற்கவில்லை. அப்படி விட்டு விட்டு வருவது அதன் இயல்பு. நின்றதை மருந்தின் பலன் என்று எடுத்துக்கொண்டதில் கிட்டத்தட்ட மூன்று மாதம் போய்விட்டது.

அதைவிட மனம் கனத்த விஷயம், அவர் பட்டையை உரித்தது பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் 'அசோக மரத்தில்'. தெருவில் ஊசிபோல் நெட்டையாக வளர்ந்து நிற்கும் மரம் நெட்டிலிங்கம். மருந்து நூல்கள் சொல்லும் அசோகம் வேறு, அது ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நாட்டு மருந்துக் கடையிலேயே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வருவது உண்டு.

மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவர்களும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனால், ஏழு நாளைத் தாண்டினால், உடலுறவுக்குப் பின் ரத்தம் பட்டால் வீட்டில் உட்காரக் கூடாது. மார்பில் கட்டி, ஒரு பக்கக் காலில் மட்டும் வீக்கமும் வலியும், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம், இவையும் அப்படித்தான்.

வேர்வையோடு நெஞ்சில் பாரம், தாடையிலோ தோளிலோ வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மெனோபாஸ் காந்தல் முகத்திலும் கழுத்திலும் சூடாக ஏறி, சில நிமிடங்களில் அடங்கும். மாரடைப்பு வேர்வை பெரும்பாலும் குளிர்ந்து பிசுபிசுக்கும், அடங்காது. பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதால் 'கேஸ் ட்ரபிள்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

4. இரண்டு வாரம் எந்த நாட்டு மருந்தும் தொடங்காமல் எழுதுங்கள்

எல்லோரும் தாவிப்போகும் படி இதுதான். பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காந்தல் எத்தனை முறை, எப்போது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள். தொந்தரவுக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு மதிப்பெண். மாதவிடாய் வந்த நாள். அவ்வளவுதான்.

ஏன் இது முக்கியம்? காந்தல் தானாகவே கூடும், குறையும். அதோடு, ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களுக்கும் காந்தல் நன்றாகவே குறைந்திருக்கிறது. நம்பிக்கைக்கு அவ்வளவு பலன் உண்டு. தொடக்கத்தில் எத்தனை என்று தெரியாவிட்டால், 800 ரூபாய் கொடுத்து வாங்கிய டப்பா வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

நோட்டு வேறொரு நன்மையும் செய்யும். எனக்குப் பத்து நாள் எழுதிய பிறகுதான் தெரிந்தது, என் காந்தலில் பாதி அடுப்படியில் மதியம் 11-லிருந்து 1 மணிக்குள் வருகிறது என்று. ரசத்தையும் பொரியலையும் காலை 8 மணிக்குள் முடிக்க ஆரம்பித்தேன். ஒரு பொடியும் இல்லாமல் நாளுக்கு மூன்று காந்தல் குறைந்தது.

5. உங்கள் மாத்திரையோடு எது மோதும் என்று பாருங்கள்

முதல் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிகம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். என் மதினி காலை ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையைப் போடுவார். பக்கத்திலேயே ராத்திரி ஊறிய வெந்தயம் ஒரு டம்ளரில் இருக்கும். மாத்திரையையே அந்தத் தண்ணீரில்தான் விழுங்குவார், கூடவே வெந்தயத்தையும் மென்றுவிடுவார். பத்து நிமிடத்தில் காபி. டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போனது, மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டினார்கள். நோட்டில் நேரத்தை எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தைராய்டு மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரில், வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, காபி உட்பட. நார்ச்சத்தும் காபியும் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். சோயாவையும் அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும். மதினி வெந்தயத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினார், அடுத்த சோதனையில் அளவு இறங்கிவிட்டது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வெந்தயம் சர்க்கரையை மேலும் இறக்கலாம். தொடங்கிய முதல் இரண்டு வாரம் வீட்டில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. தொடர்ந்து சாப்பிட்டால் அது அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இருமலுக்குக்கூடப் போடும் சாதுவான பொருள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் விற்கும் 'பெண்கள் பொடி' கலவைகளில் இது சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், பொருள் பட்டியலைப் படியுங்கள்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், தூக்க மாத்திரையின் மயக்கத்தை அதிகமாக்கலாம். அரிதாக ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைக் குழம்பில் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாத்திரையாகவோ, கரண்டிக் கணக்கிலோ வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் 'ஹார்மோன் சமநிலை' என்று எழுதிய எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

6. முதலில் சாப்பாடும் எலும்பும்

காந்தல் சில ஆண்டுகளில் போய்விடும். எலும்பில் போனது அவ்வளவு எளிதில் திரும்பாது. ஆனால் எலும்பு வலிக்காமல் தேய்வதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதனால் மூலிகைக்கு முன்னால் இதை வைக்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிராம் கேழ்வரகு மாவில் களியோ கூழோ செய்தால் சுமார் 210. பாலும் தயிருமாக 400 மில்லி என்றால் சுமார் 480. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் முருங்கைக்கீரை சுமார் 150. ஒரு பெரிய கரண்டி எள்ளில் 130 போல. மொத்தம் 970. மீதியைப் பருப்பும் மற்றக் கீரைகளும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் நிரப்பும். எள்ளிலும் கீரையிலும் இருப்பது முழுவதும் உடம்பில் சேராது, அதனால் பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டில் கிடைத்துவிட்டால் மாத்திரை வேண்டாம்.

உளுந்தங்களி நல்ல உணவு, புரதம் உண்டு. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பில்லாமல் உளுந்தஞ்சோறாகச் சாப்பிடலாம். ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். இந்த வயதில் தசை வேகமாகக் கரைகிறது.

வைட்டமின் டி பற்றி ஓர் எச்சரிக்கை. 60,000 யூனிட் உள்ள சாஷேயும் மாத்திரையும் வாரத்துக்கு ஒன்று. அதைத் தினமும் ஒன்றாகச் சாப்பிட்டவரை நான் பார்த்திருக்கிறேன். வாந்தி, தலைசுற்றல், ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிப்போய் மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவர் எத்தனை வாரம் என்று சொல்கிறாரோ அத்தனை வாரம்தான். அட்டையிலேயே கிழமையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடை நல்லது, ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கனம் தூக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும், தொடங்குவதற்கு. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்து முறை செய்யுங்கள். எடை கூடுதலாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தாலே காந்தலும் குறைகிறது.

7. இப்போது மூலிகை, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று

இரண்டு பொடியை ஒரே நாளில் தொடங்கினால், நன்மை எதனால், அரிப்பு எதனால் என்று பிரிக்கவே முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் தேதியை நோட்டில் எழுதுங்கள். 12 வாரம் தள்ளி ஒரு தேதிக்கு வட்டம் போடுங்கள். அன்றைக்கு முதல் இரண்டு வாரத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இந்த மூன்றில் ஒன்று நான் வைத்துக்கொண்ட அளவுகோல், உங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடங்குவதற்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், நான் உணவாகவே இருப்பதைத்தான் சொல்வேன்.

சோயா: இதில் பெண் ஹார்மோன்போல் மெல்ல வேலை செய்யும் பொருள் இருக்கிறது. சில ஆய்வுகளில் காந்தல் ஓரளவு குறைந்தது, சிலவற்றில் இல்லை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மீல் மேக்கர், சோயா பயறு, சோயா பால் எதுவானாலும் உணவாகச் சேர்க்கலாம். மாத்திரையாக வேண்டாம்.

வெந்தயம்: ஒரு தேக்கரண்டி, ஊறவைத்து. காந்தலுக்கு இருக்கும் ஆதாரம் சிறிய ஆய்வுகளில், அதுவும் செறிவூட்டிய சாற்றில் கிடைத்தது. மலச்சிக்கலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்பதால் முயன்று பார்ப்பதில் இழப்பு இல்லை.

ஆளி விதை: நார்ச்சத்துக்குச் சாப்பிடுங்கள். காந்தலுக்காகச் சோதித்த பெரிய ஆய்வில், ஆளி விதை சேர்க்காத தின்பண்டத்தைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான், விலை மட்டும் அதிகம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு: சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பெண்களுக்கான மருந்தாக நெடுங்காலமாக இருப்பது. மெனோபாஸ் காந்தலுக்கு மனிதர்களிடம் செய்த உறுதியான ஆய்வுகள் குறைவு. ஹார்மோன்போல் வேலை செய்யலாம் என்பதால் மார்பகம், கர்ப்பப்பை சார்ந்த நோய் இருந்தவர்கள் தானாகத் தொடங்கக் கூடாது. வேண்டுமென்றால் சித்த மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் அளவில் எடுங்கள்.

பிளாக் கோஹோஷ்: இணையத்தில் அதிகம் விற்பது. வட அமெரிக்கக் காட்டு வேர். அரிதாக ஈரலைக் கெடுத்திருக்கிறது. நம் ஊரில் இதை மேற்பார்வையில்லாமல் எடுக்க ஒரு காரணமும் இல்லை.

எதை எடுத்தாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்த்தியாகப் போவது, குமட்டல், உடம்பு முழுக்க அரிப்பு இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஈரல் சோதனை செய்யுங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகையையும் நிறுத்தி, மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

8. எங்கே, எப்படி வாங்குவது

அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று பெரிய இடங்களும் உண்டு. நாடி பார்க்கிறேன் என்று சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போவதைவிட, சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த ஒருவரிடம் போங்கள். உங்கள் ஆங்கில மருந்துப் பட்டியலையும் அவரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

பாக்கெட்டில் தயாரிப்பு உரிம எண், தேதி, காலாவதி, பொருள்களின் பெயர் நான்கும் இருக்க வேண்டும். பர்பம், செந்தூரம் என்ற பெயர் வந்தால் அது உலோகமோ தாதுவோ சேர்ந்த மருந்து. சரியாகச் செய்யப்படாதவற்றில் ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஒரே நாளில் வலியும் காந்தலும் பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் அப்படித்தான் வேலை செய்யும்.

9. வறட்சி, சிறுநீர் எரிச்சல்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் காந்தல் போன பிறகும் போகாதது இதுதான், வயது ஏற ஏறக் கூடும். சோப்பு, டெட்டால், மஞ்சள் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் கொண்டு உள்ளே கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். மெலிந்துபோன தோலை இவை இன்னும் காயவைக்கும். வெளியே வெறும் தண்ணீர் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த வழுக்கு ஜெல் உடலுறவின்போது வலியைக் குறைக்கும். தேங்காய் எண்ணெயும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆணுறையைக் கிழித்துவிடும்.

இரண்டு மாதத்தில் தீரவில்லை என்றால், உள்ளே வைக்கும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்த அளவில் உள்ள கிரீம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். வறட்சிக்கு இதற்கு இணையான மூலிகை கிடையாது.

இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுகிறதா? காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யாதீர்கள், அது சிறுநீர்ப்பையைச் சரியாகக் காலியாக விடாது. மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குவதும் தவறு.

10. தூக்கமும் மனசும்

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டது. காந்தலுக்கு யோகா, மூச்சுப்பயிற்சி, மூலிகை மாத்திரைகள், சோயா எதையும் அது பரிந்துரைக்கவில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சையையும் சில மருந்துகளையும் பரிந்துரைத்தது. அதற்காக யோகாவை விட வேண்டாம். மனசும் உடம்பும் இலகுவாக அது தரும் நன்மை தனி. காந்தல் நிற்கும் என்று எதிர்பார்த்துச் செய்து ஏமாறாதீர்கள், அவ்வளவுதான்.

தூக்கத்துக்கு நடைமுறையில் எங்களுக்குக் கேட்டவை: மதியம் இரண்டுக்குப் பிறகு காபி, டீ இல்லை. பருத்தி நைட்டி, மாற்றிக்கொள்ள இன்னொன்று தலைமாட்டில். விழித்தால் கடிகாரம் பார்ப்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது.

கோபமும் அழுகையும் வந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். என் அக்கா தன் மகனிடம், "இன்னும் கொஞ்ச நாள் நான் திடீர்னு கத்துவேன், உன் மேல கோபமில்ல தம்பி" என்று சொன்னார். அடுத்த முறை கத்தியபோது அந்தப் பையன் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றான்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டியது.

11. வட்டம் போட்ட தேதி வந்ததும்

கணக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால் தொடரலாம். ஆறு மாதத்தில் ஒரு முறை நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள், இன்னும் தேவையா என்று அப்போதுதான் தெரியும். காந்தல் சராசரியாக ஏழு ஆண்டு போல இருந்து தானே அடங்குவது, அடங்கிய பிறகும் பொடியைக் குடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

குறையவில்லை என்றால் அடுத்த ஒன்றை முயலலாம். ஆனால் இரண்டாவதும் கேட்கவில்லை, ராத்திரித் தூக்கமே கெட்டு வேலை பார்க்க முடியவில்லை என்றால் மூன்றாவது பொடியைத் தேடாதீர்கள். காந்தலுக்கு மிக நன்றாக வேலை செய்வது ஹார்மோன் சிகிச்சைதான். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிற பெரும்பாலோருக்கு நன்மை அதிகம், ஆபத்து குறைவு. மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கும் ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, உள்வரி தடிக்காமல் இருக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் சேர வேண்டும்.

போகும்போது நோட்டு, சோதனை முடிவுகள், மாத்திரை அட்டைகள், இதுவரை குடித்த பொடிகளின் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று பொடியை மட்டும் வீட்டில் விட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். மேசையில் எடுத்து வையுங்கள். "இதை இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள் குடித்தேன், காந்தல் ஒன்பதிலிருந்து எட்டாச்சு" என்று ஒரு பெண் சொல்லும்போது மருத்துவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.